சுண்டுவிரல் அசைந்தபோது

குண்டூசியின் சுண்டுவிரல் அசைந்தால் விருந்தாளியின் கதை முடிந்தது என்று அர்த்தம்.

டிவியில் அவனுடைய நையாண்டிப் பேட்டி தினமும் மாலை நேரலை. மேஜைக்கு அடியில், கேமராவுக்குத் தெரியாமல் விரல் அசையும். ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரம்மர் அக்கா 'டடும் டிஷ்' என்று ஓர் அடி கொடுப்பாள். விருந்தாளி எந்த வார்த்தையில் இருந்தாலும் அதோடு சரி. கூட்டம் சிரிக்கும், விளம்பரம் ஓடும். மந்திரிகளையே அரை வாக்கியத்தில் அனுப்பிவைத்த கை அக்காவுடையது. அவளுக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

இன்று மாட்டியவர் பாலங்களைச் சோதிக்கும் இன்ஜினியர். ஆற்றுப் பாலத்தை மூடச் சொல்லித் தன் ஆபீசுக்கே பதினேழு கடிதம் எழுதியவர்.

"பதினேழா! காதல் கடிதம்கூட அஞ்சாவதுல பலிச்சிடும் சார்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"இது பலிக்கலைங்க. மூணாவது தூண்ல விரிசல்..."

"விரிசல் தூண்லயா, உங்களுக்கும் மேலதிகாரிக்கும் நடுவுலயா?"

மறுபடியும் சிரிப்பு. அக்கா சிரிக்கவில்லை. தினமும் காலை ஏழரைக்கு அவள் மகளின் ஸ்கூல் பஸ் அந்தப் பாலத்தில்தான் போகிறது.

"கேலி பண்ணுங்க, பரவாயில்லை. போன மாசம் அந்த விரிசல்ல பேனா நுழையலை. நேத்து என் கையே நுழைஞ்சுது. நாளைக்கு..."

விரல் அசைந்தது.

அடி விழவில்லை.

"அக்கா, அடிங்க! வேலைக்கே உலை வெச்சிடாதீங்க!" பக்கத்தில் இருந்த கீபோர்டுக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தான்.

விரல் மறுபடி அசைந்தது. மூன்றாம் முறை துடித்தது. அக்கா குச்சிகளைக் கீழே வைத்துவிட்டாள்.

குண்டூசி திரும்பிப் பார்த்தான். ஆறு வருஷத்தில் முதல்முறை.

"அவரை முடிக்க விடு தம்பி," என்றாள், மைக் இல்லாமலே அரங்கம் முழுக்கக் கேட்கும்படி. "அந்தப் பாலத்துல என் பொண்ணு போறா."

குண்டூசி கேள்வி அட்டைகளைத் தள்ளி வைத்தான்.

"நாளைக்கு என்ன சார்?"

"வாரச் சந்தை. லாரி வரிசைகட்டி வரும். தூண் தாங்காது."

"மூட யார் கையெழுத்துப் போடணும்?"

"என் மேலதிகாரி."

குண்டூசி கேமராவைப் பார்த்தான். "ஐயா, வீட்டுல பார்த்துட்டுதான் இருப்பீங்க. இன்னைக்கு விளம்பரம் கிடையாது. உங்க போன் வர்ற வரைக்கும் இவரும் நானும் இங்கேயே உட்கார்ந்திருக்கோம்."

பதினோராவது நிமிடம் போன் வந்தது. முதலில் ஓர் இருமல். அப்புறம், "இன்னைக்கே தடுப்பு வெச்சிடறோம். சோதனை முடியற வரைக்கும் பாலம் மூடல்."

"எத்தனை மணிக்கு சார்? குறிச்சுக்கறேன்," என்றார் இன்ஜினியர், அசராமல்.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அக்கா அதைக் காதில் வாங்காமல் புருஷனுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, நாளைக்கு பஸ் சுத்திப் போகும். பாப்பாவை அரை மணி முன்னாடியே எழுப்பிடுங்க. என் வேலையா? இருக்கான்னு கேட்டுட்டுச் சொல்றேன்."