முதலாளியின் சம்மதமின்றி

2009 மே, யுத்தம் முடிந்து மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை. பிரதான வீதியில் இன்னும் அங்குமிங்குமாக வெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். சோதனைச் சாவடியில் நின்ற ராணுவத்தினர் பஸ்களை மறித்தார்கள். ஆனால் ஆட்களை இறக்கிச் சோதிக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பாற்சோறு நீட்டினார்கள். சாய்ந்தமருதில் அப்துல் கபூர் காக்காவின் கொமியூனிகேஷன் கடையில், தொலைபேசியும் போட்டோ கொப்பியும் பார்க்கும் வேலை செய்த ஸுல்பிகா, கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டுத் தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். பஹ்ரைனிலிருந்து அவளுடைய கணவன் றவூப் கதைத்துக்கொண்டிருந்தான்.

"யுத்தம் முடிஞ்சிதாமே புள்ள?"

"ஓம். வெடிச் சத்தம் கேக்குதா?"

"கேக்குது. இஞ்சயும் ஒரு புதினம் இரிக்கி. சட்டமொண்டு வருது."

ஆகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவன் தன் முதலாளியிடம் கேட்காமலே வேறு கம்பனிக்குப் போகலாம் என்று அவன் சொன்னான். அங்குள்ள தொழிற்சங்கத்தில் ஆங்கிலத் துண்டுப் பிரசுரம் அடித்திருக்கிறார்கள். இந்தி, மலையாளம் எல்லாம் வந்துவிட்டது. தமிழில் போடுவதை இவன் பொறுப்பெடுத்திருக்கிறான்.

"எனக்கு எழுத வராது. நான் வாசிக்கன், நீ தமிழில எழுதி டைப் பண்ணி அனுப்பு" என்றான்.

றவூப் இன்சுலேஷன் தொழிலாளி. ஆலைகளில் நீராவியும் கொதிக்கும் எண்ணெயும் ஓடும் குழாய்களைக் கண்ணாடிப் பஞ்சால் சுற்றி, கம்பியால் கட்டி, மேலே அலுமினியத் தகடு பொருத்துவது அவன் வேலை. பழைய குழாய்களில் இருக்கும் அஸ்பெஸ்டஸை உரித்தெடுப்பதும் அவர்கள் தலையில்தான் விழும். அவனைக் கொண்டுபோனது ஆலை அல்ல. ஆலைக்கு ஆள் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பனி. பாஸ்போர்ட் அந்தக் கம்பனியின் அலுமாரியில் இருந்தது.

2003ல் அவன் போகும்போது மகன் பஹ்மிக்கு ஏழு மாதம். அடுத்த வருடம் டிசம்பரில் கடல் வந்தது. ஸுல்பிகாவின் வாப்பா சீதனமாகக் கட்டிக்கொடுத்த கடற்கரை வீடு போனது, பஹ்மியும் போனான். அன்றைக்கு அப்படிப் போனவர்கள் அத்தனை பேரையும் ஒன்றாக அடக்கிய மையவாடியில் அவனையும் அடக்கினார்கள். றவூப் அலுவலகத்தில் போய் நின்றான். ஆலையை மூடித் திருத்துகிற காலம், ஒருவரையும் விட முடியாது என்றார்கள். அவன் வந்தது 2006ல். மேலும் மூன்று வருடம் வேலை செய்வதாகக் கையெழுத்து வைத்துக் கொடுத்துத்தான் அந்த நாற்பது நாள் லீவைப் பெற்றிருந்தான்.

அந்த நாற்பது நாளும் அவர்கள் தகரக் கொட்டிலில் இருந்தார்கள். வேலைக்குப் போட்ட சட்டைகளை அவன் பெட்டியிலிருந்து எடுத்து அவள் துவைத்தாள். இரண்டு நாளைக்குக் கையெல்லாம் அரித்தது. பஞ்சின் கண்ணாடித் தூள் என்று அவன் சொல்லி, தேங்காய் எண்ணெய் தடவிவிட்டான். மகனைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. மையவாடிக்கு அவன் தனியாகப் போய் வந்தான். நாற்பத்தோராம் நாள் விடிய வேன் வந்தது. அவன் ஏறிய பிறகுதான், கேட்க நினைத்ததில் ஒன்றையும் கேட்கவில்லை என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. அடுத்த ஜனவரியில் ஷாஹினா பிறந்தாள். மகளுக்கு வாப்பா என்றால் தொலைபேசி.

சட்டத்தைத் தமிழாக்க அவர்களுக்கு இரண்டு வெள்ளிக்கிழமை பிடித்தது. அவன் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி வாசித்து, தனக்கு விளங்கியதைச் சொல்வான். அவள் ஒரு கொப்பியில் எழுதுவாள்.

"இதில ஒரு இடம். முதலாளி உத்தரவு தராட்டியும் எண்டு வருது."

"முதலாளியின் சம்மதமின்றி எண்டு போடுவமா?"

"சம்மதம் எண்டா பொடியனுகளுக்கு விளங்குமா?"

"கலியாணத்தில கேக்கிற சொல்லுதானே. விளங்காம என்ன?"

அவன் சிரித்தான். அப்படி அவன் சிரித்துக் கேட்டு எத்தனை மாதம் என்று அவள் யோசித்தாள். சுகமா, சாப்பிட்டியா, மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டு முடிந்துவிடும் தொலைபேசியில் இப்போது ஒரு மணித்தியாலம் போதவில்லை. ஒரு சொல்லுக்காக இருவரும் சண்டை பிடித்தார்கள். பிரசுரத்தின் கடைசியில் சங்கத்தின் கோரிக்கை ஒன்று இருந்தது: இன்சுலேஷன் வேலையை ஆபத்தான தொழில்களின் பட்டியலில் சேர்க்க வேண்டும், முகமூடியும் உடை மாற்ற வேறு அறையும் தர வேண்டும். அதை எழுதும்போது அவள் கேட்டாள்.

"உங்களுக்கு முகமூடி தாறல்லயா?"

"தருவானுகள். ஒரு கிழமைக்கு ஒண்டு."

அவள் கோரிக்கையை எழுதி முடித்தாள். டைப் செய்து, எழுத்துப் பிழை பார்த்து, இணையத்தில் அனுப்பினாள். அவனும் அவனோடு வேலை செய்த பதினொரு பேரும் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பதாக அடுத்த கிழமை சொன்னான். அதில் பாதிப் பேர் இந்தக் கரையோரத்து ஆட்கள். காத்தான்குடியிலும் மன்னாரிலும் இருந்து போனவர்களும் இருந்தார்கள்.

தாளின் ஒரு பிரதியைக் கடையில் ஒட்டியதும், கணவன்மார் பஹ்ரைனில் இருக்கும் பெண்கள் வந்து நின்று வாசித்தார்கள். கடலில் வீடிழந்தவர்களுக்குக் கட்டிக்கொடுத்த தொடர்மாடியில் ஸுல்பிகாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரி உம்மு. அவளுடைய கணவன் நூஹும் றவூபின் கம்பனியில் அதே வேலைதான். உம்மு வாசித்து முடித்துவிட்டுத் திரும்பவும் மேலிருந்து வாசித்தாள்.

"ஏன் கா, ஊட்டுக்கு வாறதப் பத்தி இதில ஒண்டும் இல்லயா?"

"இல்ல கா. கம்பனி மாறுறதப் பத்தித்தான்."

"அதுக்கும் ஒரு சட்டம் போடலாந்தானே" என்று சொல்லிவிட்டு உம்மு மீன் வாங்கப் போனாள்.

ஜூன் முதல் வெள்ளிக்கிழமை றவூபின் குரல் வேறு மாதிரி இருந்தது. கம்பனி ஒரு தாள் கொண்டுவந்திருக்கிறதாம். இன்னும் இரண்டு வருடத்துக்கு இதே கம்பனியில்தான் இருப்பேன் என்று ஜூன் முடிவதற்குள் கையெழுத்து வைப்பவர்களுக்கு உடனே நாற்பது நாள் லீவு. கேட்டவுடன் டிக்கெட். வைக்காதவர்களுக்கு இந்த வருடம் லீவு கிடையாது. கையெழுத்து வைத்தால் சட்டத்தால் ஒரு பிரயோசனமும் இருக்காது, வைக்க வேண்டாம் என்று சங்கம் சொல்கிறது.

"வைக்காட்டி?"

"ஆகஸ்டில நோட்டீஸ் குடுத்து வேற கம்பனிக்கு மாறலாம். ஆனா புதுக் கம்பனியில ஒரு வருசம் முடியோணும் லீவுக்கு. வாறத்துக்கு அடுத்த வருசக் கடைசியாகிரும்."

அவள் கொப்பியை மூடி வைத்தாள்.

"நான் வைக்காட்டி மத்தவனுகளும் வைக்கமாட்டானுகள். நான்தானே அவனுகளுக்கு நம்மட தாள வாசிச்சிக் காட்டின. ஆனா எனக்கு ஏலா புள்ள. மகளப் பாக்கணும். நீ வைங்க எண்டு சொன்னா நான் வச்சிருவன்."

"அடுத்த வெள்ளிக்கிழமை சொல்றன்."

அந்த ஒரு கிழமையும் அவள் வீட்டை ஒழுங்குபடுத்தினாள். ஏனென்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திராது. கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். திரும்பவும் பழைய இடத்திலேயே போட்டாள். அவனுக்குப் பிடிக்கும் என்று கணவாய் வாங்கி ஆக்கி, மகளுக்கு ஊட்டினாள். அந்தியில் ஒரு நாள் கடற்கரைக்குப் போனாள். அறுபத்தைந்து மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசாங்கம் சொன்னதால் அந்த வளவுகள் வெறுமையாகக் கிடந்தன. அவளுடைய பழைய வீட்டு அத்திவாரத்தில் ஒருவர் வலை உலர்த்தியிருந்தார். அவளைக் கண்டதும் எடுக்கப் போனார். இருக்கட்டும் என்றாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவன் தொலைபேசி எடுத்தான்.

"வைக்காதீங்க மச்சான்" என்றாள்.

அவனுக்குப் பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"ஏன்?"

"போன முறை கையெழுத்து வச்சிட்டுத்தான் வந்தீங்க. வந்த அண்டைக்கே நான் நாள் எண்ணத் தொடங்கிட்டன். பக்கத்தில படுத்திரிக்கிற நேரமும் எண்ணினன். திரும்ப எனக்கு அது ஏலா. வாறண்டா ஒருத்தனுக்கும் எழுதிக் குடுக்காம வாங்க."

"உனக்கு என்ன பாக்க ஆச இல்லயா?"

"அப்படிக் கேக்காதீங்க."

அவன் சரி என்றான். தொலைபேசியை வைத்த பிறகு ஸுல்பிகா போட்டோ கொப்பி மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஒருவர் அடையாள அட்டையைப் பிரதி எடுக்க வந்து காத்திருந்தார். அப்துல் கபூர் காக்கா எழுந்து, அவளைப் பார்க்காமலே அதைத் தானே எடுத்துக் கொடுத்தார்.

பன்னிரண்டு பேரில் நான்கு பேர் கையெழுத்து வைத்தார்கள். நூஹு அதில் ஒருவன். ஜூன் நான்காம் கிழமை அவன் வந்திறங்கினான். உம்முவின் வீட்டில் இரண்டு நாள் கதவு திறந்தே கிடந்தது. மூன்றாம் நாள் றவூப் கொடுத்தனுப்பிய பார்சலோடு நூஹு ஸுல்பிகாவின் வாசலுக்கு வந்தான். அவனுடைய பிள்ளைகள் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு, "வாப்பா, வாங்க வாப்பா" என்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து ஓடிவந்த ஷாஹினா அவர்களைப் பார்த்தாள். பிறகு அவளும் போய் நூஹு உடுத்திருந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டு, "வாப்பா" என்றாள்.

நூஹு என்ன செய்வதென்று தெரியாமல் குனிந்து பிள்ளையின் தலையைத் தடவினான்.

"நான் வாப்பா இல்ல மகள், சாச்சா" என்றான். பிறகு ஸுல்பிகாவிடம், நிலத்தைப் பார்த்தபடி, "றவூப் காக்கா என்னோட கோவமில்ல எண்டு சொன்னாரு. எங்கட உம்மாக்குச் சுகமில்லாததாலதான் நான் கையெழுத்து வச்ச" என்றான்.

"கோவிக்க என்ன இரிக்கி? புள்ளயள் எவ்வளவு சந்தோசமா இரிக்கி" என்றாள் ஸுல்பிகா. அவள் அதை மனதாரத்தான் சொன்னாள்.

அவன் போனதும் கதவைச் சாத்தினாள். ஜூன் முடிய இன்னும் ஐந்து நாள் இருந்தது. தொலைபேசியை எடுத்து றவூபின் இலக்கத்தை அழுத்தினாள். வேலை நேரத்தில் அவள் ஒரு நாளும் எடுத்ததில்லை. இரண்டாவது மணியிலேயே அவன் எடுத்தான். இரும்பில் இரும்பு அடிபடும் சத்தம், காற்றின் இரைச்சல்.

"என்ன புள்ள? என்ன நடந்த? மகள் எங்க?"

கடல் வந்த அன்றும் இப்படி ஒரு வேலை நேரத்தில்தான் அவனுக்குச் செய்தி போயிருந்தது. அது அவளுக்கு அந்தக் கணம்தான் உறைத்தது. கையெழுத்து வைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்ல எடுத்தவள், வாயைத் திறந்து, "ஒண்டுமில்ல மச்சான். மகள் உங்களோட கதைக்கப் போறனெண்டு நிக்கா" என்றாள்.

ஷாஹினாவின் காதில் தொலைபேசியை வைத்தாள். பிள்ளை ஒன்றும் பேசவில்லை. மூச்சு மட்டும் விட்டாள். அங்கே, ஆலையின் இரும்புச் சாரக்கட்டுக்கு மேலே நின்றபடி, அவன் அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். கன நேரம் அவன் தொலைபேசியை வைக்கவில்லை.

ஆகஸ்டில் சட்டம் வந்தது. எட்டுப் பேரும் நோட்டீஸ் கொடுத்தார்கள். பழைய கம்பனி இரண்டு மாதம் அலைக்கழித்தது. ஒருவருக்கு வேலையை விட்டு ஓடிப்போனதாகப் பொலிஸில் முறைப்பாடு கூடப் போட்டது. சங்கத்து ஆட்கள் தாளைத் தூக்கிக்கொண்டு தொழில் அமைச்சுக்கு நடந்தார்கள். நவம்பரில் எட்டுப் பேருக்கும் பாஸ்போர்ட் கைக்கு வந்து, வேறு கம்பனியில் சேர்ந்தார்கள். முகமூடி மட்டும் இன்னும் கிழமைக்கு ஒன்றுதான். இன்சுலேஷன்காரர்களின் பிரதிநிதியாக றவூபைச் சங்கத்தில் தெரிந்தெடுத்திருந்தார்கள்.

அவன் வந்தது 2010 ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு கிழமை முன்னால். மாரி மழை கொட்டிக்கொண்டிருந்தது. கொழும்பு பஸ் ஒரு இடத்திலும் மறிக்கப்படாமல் வந்ததை அவன் ஆச்சரியமாகச் சொன்னான். முன்நெற்றி முடி கொட்டியிருந்தது. படியேறி வந்ததற்கே மூச்சு வாங்கினான். ஷாஹினா பத்து நாள் அவனிடம் போகவில்லை. பதினோராம் நாள் அவன் சவரம் செய்வதைப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தாள். பிறகு எந்நேரமும் அவன் முதுகிலேயே கிடந்தாள்.

இந்த முறை ஸுல்பிகா நாள் எண்ணவில்லை. ஒரு மழைப் பகலில், மகள் தூங்கிய பிறகு, பஹ்மியைப் பற்றி அவன்தான் முதலில் கேட்டான். கடல் வந்த அன்றைக்குப் பிள்ளை என்ன உடுத்திருந்தான் என்று கேட்டான். அவள் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

ஒன்றரை மாதம் முடிகிற நேரம் அவன் பெட்டியை எடுத்து வைத்தான்.

"இந்த முறை யாரு போகச் சொன்ன?" என்று கேட்டாள்.

"ஒருத்தருமில்ல." உடுப்பை மடித்தபடி சொன்னான். "நாந்தான் போறன். மாஸ்க் விசயம் இன்னும் முடியல்ல. மறுகா இஞ்ச எனக்கு..." அவன் நிறுத்திக்கொண்டான். இங்கே அவன் தொழிலுக்கு ஓர் ஆலை இல்லை என்பது இருவருக்கும் தெரியும். கம்பனியைத் திட்டவாவது முடிந்த காலம் ஒரு விதத்தில் லேசாக இருந்ததாக அவளுக்குத் தோன்றியது. இப்போது கோபப்படுவதானால் இவனோடுதான் படவேண்டும். இவனோடு கோபப்பட அவளிடம் மனம் இல்லை.

மறுநாள் பகல், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் உள்ளே போவதற்கு முன் அவன் தொலைபேசி எடுத்தான்.

"இன்னும் பத்து நிமிசம் இரிக்கி. நீ சொன்னா திரும்பி வந்துருவன்."

பின்னால் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அறிவித்தல் போய்க்கொண்டிருந்தது. அவன் உண்மையாகத்தான் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. கடைக்கு வெளியே மழை விட்டிருந்தது. யாரோ கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, அவள் கதைப்பதைக் கண்டு வெளியே போய் நின்றார்கள்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"பையில இடியப்பம் சுத்தி வச்சிரிக்கன். உள்ளுக்குப் போய் இருந்து தின்னுங்க. இனியும் வச்சா பழுதாகிரும்."

அவன் ஓம் என்றான். அவனும் வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை. அறிவித்தல் முடிந்து, பெட்டிகளை இழுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.