மச்சினன் தோற்பான் என்று அச்சடிப்பது எப்படி?

1

இந்தக் கதை எனக்கு ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் மேசை மேசையாக வந்து, "பிரியாணி எப்படி?" என்று கேட்டார். உப்பே இல்லை. அத்தனை பேரும் "பிரமாதம்" என்றோம். மனிதர் பூரித்துப் போனார். இப்படிக் கேட்டுக் கேட்டே ஒருவர் தேர்தல் முடிவைக் கணித்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். நான் கை கழுவி வருவதற்குள் ஜமால் முகம்மது வந்து நின்றுவிட்டார்.

2

முதல் தொடக்கம்: "1957. சிங்கப்பூர் வானில் அரசியல் மேகங்கள் திரண்டு" வேண்டாம். மேகம் வந்தால் மழை பெய்ய வைக்க வேண்டும்.

இரண்டாவது: "ஜமால் முகம்மது நேர்மையின் சிகரம், அவரது" இது இரங்கல் கூட்டம்.

நேராகவே சொல்கிறேன். 1957, நகரசபைத் தேர்தல். சிராங்கூன் ரோட்டில் அச்சுக்கூடம் வைத்திருந்த ஜமால், 'நடுக்கோடு' என்று நாலு பக்க ஏடு ஒன்றையும் நடத்தினார். தேர்தல் வந்தால்தான் அது வரும். எந்தத் தொகுதியில் யார் ஜெயிப்பார், ஏன் என்று சொல்லும்; யாருக்கும் ஓட்டுக் கேட்காது, எந்த வேட்பாளரிடமும் விளம்பரம் வாங்காது. எல்லாக் கட்சிக்காரர்களும் அவரைத் திட்டிக்கொண்டே வாங்கிப் படித்தார்கள். அதில் ஜமாலுக்குப் பரம திருப்தி.

[இந்த ஏட்டை நூலகத்தில் தேடாதீர்கள். போன வாரம் நான் ஆரம்பித்தது.]

3

அந்த முறை, அச்சுக்கூடம் இருந்த தேக்காப் பக்கத்துத் தொகுதியில் சுயேச்சையாக நின்றவர் நெய்னா முகம்மது. துணிக்கடைக்காரர், ஜமாலின் மனைவி சம்சுன்னிசாவின் ஒரே தம்பி. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஜமால் வழக்கம்போல் தேக்கா சந்தைக்குப் போய், 'யாருக்கு ஓட்டு?' என்று கடை கடையாகக் கேட்டார்.

"இதென்ன கேள்வி பாய்? உங்க மச்சினனுக்குத்தான்!" என்றார் காய்கறி விற்கும் முத்தாயி.

பக்கத்தில் தேங்காய் விற்கும் சுந்தரமும் அதையே சொன்னார். மீன்கடைச் சீனர்கூட, 'முடியும்' என்பதை மலாயில், "போலே லா!" என்று சொல்லிக் கட்டைவிரலை உயர்த்தினார்.

ஜமால் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. பெண் எடுத்த வீட்டுப் பிள்ளை நிற்கும்போது, மச்சானிடமே 'அவனுக்குப் போடமாட்டேன்' என்று தேக்காவில் யார் சொல்வார்? இதை நம்பி வெற்றி என்று போட்டு நெய்னா தோற்றால், மச்சினனுக்குக் கொடி பிடித்தார் என்பார்கள். இத்தனை வருஷப் பெயர் போச்சு. தோல்வி என்று போடவோ ஆதாரம் இல்லை. போட்டால் வீட்டில் சோறும் சந்தேகம்.

[இந்த இடத்தில் ஜமாலையே நான் சந்தேகித்தேன். இவ்வளவு யோக்கியர் உண்டா? லஞ்சம் வாங்க வைத்துப் பார்த்தேன். கை வரவில்லை. அவருக்கா எனக்கா, தெரியவில்லை.]

4

மறுநாள் அவர் கேள்வியை மாற்றினார்.

"முத்தாயிக்கா, உங்க ஓட்டு இருக்கட்டும். பக்கத்துக் கடை சுந்தரம் யாருக்குப் போடுவாரு?"

"அவனா? எதிர்த்து நிக்கிற கட்சிக்காரனுக்குத்தான். உங்ககிட்ட மூஞ்சிக்கு நேரா சொல்லுவானா பாய்?"

இரண்டு எட்டு நடந்து சுந்தரத்திடம் போனார். "முத்தாயிக்கா யாருக்குப் போடுவாங்க?"

"அந்தக்கா வாய் ஒண்ணு சொல்லும், கை வேற இடத்துல போடும். நெய்னா பாய்க்கு இல்ல, அது மட்டும் நிச்சயம்."

சந்தை முழுக்க இதே பாட்டுத்தான். கடைக்குக் கடை நெய்னா ஜெயித்தார். பக்கத்துக் கடையில் தோற்றார். ஜமாலுக்கு வருத்தமாகவும் இருந்தது, கண்டுபிடித்துவிட்ட சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

5

"உன் தம்பி தோத்துருவான் போல" என்றார், சாப்பாட்டில் கை வைக்குமுன்.

சம்சுன்னிசா அகப்பையைக் கீழே வைத்தார். "யார் சொன்னா?"

"எல்லாரும்தான். பக்கத்துக் கடைக்காரரைப் பத்தி."

சம்சுன்னிசாவின் கண் கலங்கியது. "ஏங்க, இந்த ஒரு தொகுதியை மட்டும் போடாம விடக்கூடாதா?"

"விட்டா ஏன் விட்டேன்னு ஊருக்கே தெரியும்லா."

 சம்சுன்னிசா மீன் துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தார். "போடுங்க. ஆனா அவன் இதை ரோட்டுல நின்னு படிக்கக் கூடாது. மொதல் காப்பிய நாம கொண்டுபோய்க் குடுப்போம். நானும் வர்றேன்."

ஜமாலுக்கு மனைவி மேல் அன்பு பொங்கியது. சொல்லத் தெரியாமல் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.

6

முடிவு (அ): நெய்னா ஏட்டைக் கிழித்து எறிகிறார். எழுதிப் பார்த்தேன். துணிக்கடைக்காரர் கிழித்தால் நேராகத்தான் கிழியும் என்று ஒரு நகைச்சுவை வந்து விழுந்தது. அடித்துவிட்டேன்.

முடிவு (ஆ): கணிப்பு பொய்த்து நெய்னா ஜெயிக்கிறார். கூடாது. சம்சுன்னிசா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார், பாவம் ஜமால்.

நடந்தது இதுதான். இருவரும் கொண்டுபோய்க் கொடுத்த காப்பியை நெய்னா தன் கடையில் நின்றபடியே படித்தார்.

"மச்சான், எல்லாரும் எனக்குத்தான்னு சொன்னாங்களே."

"என்கிட்டயும் அதத்தான் சொன்னாங்க மாப்ளே. அதான் பக்கத்துல இருக்கறவங்களைப் பத்திக் கேட்டேன்."

நெய்னா அவரை உற்றுப் பார்த்தார். எதைக் கேட்டால் வலிக்கும் என்று தெரிந்தும் கேட்கிறவர்கள் உண்டு. ஆனால் அவர் ஜமாலைக் கேட்கவில்லை, அக்காவின் பக்கம் திரும்பினார்.

"லாத்தா, உன் பக்கத்துல நிக்கிறாரே, இவரு யாருக்குப் போடுவாரு?"

சம்சுன்னிசா கணவரின் முகத்தைப் பார்த்தார். தயங்காமல் ஒரு பெயரைச் சொன்னார். ஜமால் மறுக்கவில்லை. நெய்னா சிரித்துவிட்டு, கடைப் பையனிடம் மூன்று பேருக்கும் தேநீர் வாங்கிவரச் சொன்னார்.

அந்தப் பெயரை எழுதினேன், உடனே அடித்துவிட்டேன். ஓட்டு ரகசியமானது. ஜமாலைப் படைத்தவன் என்பதற்காக அவர் சீட்டை எட்டிப் பார்க்க எனக்கு உரிமை இல்லை. இடம் விட்டிருக்கிறேன், நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம்.

சம்சுன்னிசா சொன்ன பெயர்: ……………