அரை மில்லிமீட்டர்

வண்டிப் பட்டறையில் அவளைக் கண்ணளவு என்றுதான் கூப்பிடுவார்கள். ஹோஸையோ நட்டையோ கையில் வாங்கிய மாத்திரத்தில் அளவைச் சொல்லிவிடுவாள். திருகு மரையை அளக்கிற சீப்பு மாதிரியான கருவி சுவரில் தூசி பிடித்துத் தொங்கியது. ஊரே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும்போது யாருக்கு வேண்டும் கருவி?

அன்று காலை நாத்தனாரின் பழைய வேனுக்கு, பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் ஹோஸை மாற்றிக் கொடுத்தாள். நாத்தனார் மழலையர் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குபவள். அவள் கண்ணுக்குப் புது ஹோஸ் நீளம் சரி, வாய் சரி. வேனின் பைப்பிலிருந்த வெளிமரை நட்டு விரலாலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, ஸ்பானர் போட்டதும் இறுகியது.

"ராசியான கை அண்ணி உங்களுக்கு," என்றாள் நாத்தனார்.

"ஐஸ் வைக்காத. வண்டி ஓட்டும்போது போனைத் தொட்டன்னு கேள்விப்பட்டேன்னா, உங்க அண்ணன்கிட்டல்லாம் சொல்லிட்டிருக்க மாட்டேன். நானே கையை ஒடிச்சிடுவேன்."

பிற்பகல் மூன்று மணிக்கு, கழற்றிப் போட்ட பழைய ஹோஸிலிருந்து மேசையில் எண்ணெய் சொட்டியது. வாயை அடைக்கலாம் என்று தட்டிலிருந்து ஒரு நட்டை எடுத்தாள். புது ஹோஸுக்குச் சேருகிற பத்து மில்லிமீட்டர் நட்டு. உள்ளே போகவில்லை. துடைத்துவிட்டுத் திருகினாள். அப்போதும் போகவில்லை.

சுவரிலிருந்த கருவியை எடுத்துச் சட்டையிலேயே தூசியைத் துடைத்து, பழைய ஹோஸின் மரையில் வைத்துப் பார்த்தாள். இஞ்சுக் கணக்கு. ஒன்பதரை மில்லிமீட்டர்தான் வரும்.

அப்படியென்றால் வேனின் பைப்பில் இருப்பதும் ஒன்பதரை நட்டு. அதைப் பத்து மில்லிமீட்டர் வாய்க்குள் திருகி அனுப்பியிருக்கிறாள். சின்ன நட்டு பெரிய வாய்க்குள் சும்மா போகும், அடியில் முட்டியதும் இறுகினது போல நடிக்கும். பிரேக்கை மெதுவாக மிதிக்கும்வரை தாங்கும். ஓங்கி ஒரு மிதி மிதித்தால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். வழுக்கிக்கொண்டு போனபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா?

நாத்தனாருக்கு நாலு முறை போன் அடித்தாள். எடுக்கவில்லை. எடுக்காதே என்று மிரட்டி அனுப்பியவளே இவள்தானே. பள்ளிக் காவலாளியைப் போனில் பிடித்தாள். "வேன் கிளம்பி கால் மணி நேரம் ஆச்சும்மா, பதினோரு பிள்ளைங்க," என்றார் அவர்.

ஸ்கூட்டரை எடுத்தாள். பிள்ளைகளின் வீடுகள் பாதிக்குமேல் இறக்கத்துக்குக் கீழே இருந்தன. இறக்கம் முடிகிற இடத்தில் லாரிகள் பறக்கும் பெரிய சாலை. இத்தனை நாள் கண்ணை நம்பிப் பிழைத்தவள், இன்று கண்ணைத் திறந்து வைத்திருக்கவே பயந்தாள்.

இறக்கத்தின் உச்சியில் வேன் தெரிந்தது. பின்கண்ணாடியில் இரண்டு சின்னத் தலைகள். ஹாரனை அழுத்தக் கட்டைவிரல் போனது, போன வேகத்தில் திரும்பியது. ஹாரன் கேட்டால் நாத்தனார் திடுக்கிடுவாள். திடுக்கிட்டால் ஓங்கி மிதிப்பாள். முந்திப்போய்க் கை காட்டினாலும் அதேதான்.

ஆகவே அவள் ஒன்றுமே செய்யவில்லை. அதைப்போலக் கொடுமை வேறில்லை. இறக்கம் முழுக்க, வேனின் சிவப்பு விளக்கு எரிந்து எரிந்து அணைவதைப் பார்த்துக்கொண்டு, பின்னாலேயே போனாள். குறுக்கே ஒரு பந்து உருண்டு வந்தாலும் போதும். எந்தக் கதவும் திறக்கக் கூடாது, எந்த நாயும் ஓடி வரக் கூடாது என்று தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள்.

பெரிய சாலைக்கு மூன்று வீடு முன்னால், ஒரு பிள்ளையை இறக்கிவிட வேன் மெல்ல ஓரங்கட்டி நின்றது.

"என்ன அண்ணி, வேவு பார்க்கிறீங்களா? போனைத் தொடவே இல்ல, சத்தியமா! பிரேக் சும்மா வெண்ணெய் மாதிரி..."

"பிள்ளைங்களை இறக்கு."

மிச்சமிருந்த ஏழு பேரும் இறங்கினார்கள். கண்ணளவு கைபிரேக்கைப் போட்டுவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து மிதித்தாள். தாங்கியது. இன்னும் ஓங்கி மிதித்தாள். அடியில் 'டப்' என்றது. கால் தரைவரை போய்விட்டது.

"ஐயே, வேன் ஒண்ணுக்குப் போயிடுச்சு!" என்று ஒரு குட்டிப் பெண் கைதட்டிச் சிரித்தாள். முன்சக்கரத்தின் கீழே எண்ணெய் பரவிக்கொண்டிருந்தது.

கண்ணளவு அப்படியே ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதாள். "நான்தான்டி. அளவு பார்க்காம மாட்டிட்டேன். கொல்லப் பார்த்தேன் உங்களையெல்லாம்."

நாத்தனாருக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் கோபம் வந்தது.

"தெரிஞ்சேதான பின்னாடி வந்தீங்க? எங்கேயிருந்து?"

"மேலேயிருந்து."

"அவ்வளவு தூரமா? ஒரு ஹாரன் அடிச்சிருக்கலாம்ல?"

"அடிச்சிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?"

நாத்தனார் குனிந்து, பிரேக் மிதிக்கும் தன் வலது காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.