கோபிகிருஷ்ணனின் அடிக்குரல்

1988 செப்டம்பர் இருபத்திரண்டாம் தேதி, வியாழக்கிழமை பிற்பகல் முதல், பர்மாவின் தலைநகரில், பசுந்தாங் பகுதியில் நூலும் பொத்தானும் விற்றுவந்த வாஜித்தின் வீட்டு இசைத்தட்டுகள் எல்லாவற்றிலும் அடிக்குரல் பாடிய அமெரிக்கர்கள் நின்றுபோய், அவர்களுடைய இடத்தில் கோபிகிருஷ்ணன் பாடத் தொடங்கினான். கோபிகிருஷ்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன், நாற்பத்திரண்டு வயது, வாஜித்தின் பள்ளிக்காலத் தோழன். மூன்று நாட்களுக்கு முன்பு, திங்கட்கிழமை காலையில், அரிசி வாங்கி வருவதாகப் பையை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பவில்லை. ராணுவம் ஆட்சியைப் பிடித்த அந்த வாரம் நகரத்தில் திரும்பாதவர்கள் பலர் இருந்தார்கள். தட்டுக்குள் போனவன் அவன் ஒருவன்தான் என்று தெரிகிறது.

வாஜித்திடம் அப்போது இருநூற்றுப் பதினான்கு தட்டுகள் இருந்தன. எல்லாம் ஐம்பதுகளில் அமெரிக்க நகரங்களின் தெருமுனைகளில் நாலைந்து பையன்கள் சேர்ந்து பாடிய டூ-வாப் பாட்டுகள். ஒருவன் காதலைச் சொல்லி உருகுவான்; மற்றவர்கள் பின்னால் நின்று அர்த்தமில்லாத அசைகளால் அவனைத் தாங்குவார்கள். வாத்தியம் பெயருக்குத்தான் இருக்கும். பதினாறு வயதில் வாஜித்தும் கோபிகிருஷ்ணனும் இன்னும் மூன்று பையன்களும் ஐம்பத்திரண்டாம் தெருவில் ஒரு மாடிப்படியில் நின்று, கப்பல்காரர்கள் கொண்டுவந்த தட்டுகளைக் கேட்டுக் கேட்டு அப்படிப் பாடியிருக்கிறார்கள். 1964இல் அரசு கடைகளை எடுத்துக்கொண்டபோது மற்ற மூவரின் குடும்பங்களும் சென்னைக்குக் கப்பலேறின. வாஜித் தட்டு சேர்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகு. போனவர்கள் விட்டுச்சென்ற பெட்டிகளிலும் பழைய சாமான் கடைகளிலும் தேடி வாங்குவான். சோப்புத் தண்ணீரில் கழுவி, பூஞ்சையைத் துடைத்து, விசிறிக்கடியில் காயவைப்பான். உற்றுக் கேட்டால் ஒருவன் மூச்சிழுப்பதும் இன்னொருவன் காலால் தாளம் தட்டுவதும் அவற்றில் கேட்கும். “பாட்டுக்காக இல்ல, தஸ்லீமா. அஞ்சு பேரும் ஒரே மைக்கைச் சுத்தி நெருக்கியடிச்சு நிக்கிறாங்க பாரு, அதுக்காக,” என்று மனைவியிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறான்.

குரலை முதலில் அடையாளம் கண்டது தஸ்லீமாதான். ஊரடங்கு நேரம், சத்தத்தைக் குறைத்துவைத்து வாஜித் ஒரு தட்டைப் போட்டான். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “இது கோபி அண்ணன் இல்ல?” ஒவ்வொரு வரியிலும் மயிரிழை தாமதமாக நுழைவது கோபிகிருஷ்ணனின் பழக்கம். அதற்காக மாடிப்படியில் எத்தனையோ முறை திட்டு வாங்கியிருக்கிறான். வாஜித் அன்று நாற்பது தட்டுகளைப் போட்டுப் பார்த்தான். நாற்பதிலும் அவனே தாமதமாக நுழைந்தான். மறுநாள் காலையில் வாஜித் போய் கோபிகிருஷ்ணனின் மனைவி சுனிதாவை அழைத்துவந்தான். அவளுடைய தாய் பர்மியப் பெண். சுனிதா பேசுவதும் பெரும்பாலும் பர்மிய மொழிதான். ஆனால் அன்று தமிழில் கேட்டாள்.

“உயிரோட இருக்காரா, அண்ணே?”

“பாடுறான், தங்கச்சி. எனக்கு அவ்வளவுதான் தெரியுது.”

அவள் பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து, எங்கே இருக்கிறீர்கள், யார் கூட்டிப்போனார்கள், அடித்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். டூ-வாப்பில் அடிக்குரல்காரனுக்குச் சொற்கள் கிடையாது. அவனால் டும் டும் என்றும் போம் போம் என்றும்தான் சொல்ல முடிந்தது. சுனிதா தினமும் வந்தாள். அந்த அசைகளில் ஏதாவது விஷயம் இருக்குமோ என்று வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். இரண்டு மாதம் கழித்து வாஜித்துக்கு ஒரு தட்டு நினைவுக்கு வந்தது. மாடிப்படிக் காலத்தில் அவர்கள் பாடிய ஒரு பாட்டில், நடுவே மற்றவர்கள் முனக, அடிக்குரல்காரன் பாடாமல் வெறுமனே பேசுவான். ஏறத்தாழ இருபது விநாடிகள். அந்தத் தட்டு கப்பலேறிய குடும்பம் ஒன்றுக்குச் சொந்தமாக இருந்தது. பாட்டின் பெயர் மறந்துபோயிருந்தது. “பேசுற பாட்டு ஒண்ணு இருக்கு, தங்கச்சி. நான் தேடிக் கொண்டாரேன்,” என்றான். அதுவரை ஆசைக்காகச் சேர்த்தவன், அன்றிலிருந்து அந்த ஒரு தட்டுக்காகச் சேர்த்தான்.

தேடுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. இதற்கிடையில் வட்டார அலுவலகத்து எழுத்தர் ஊ தான் மவுங் என்ற பர்மியர், ஓராண்டுக்கு மேல் வீட்டில் இல்லாதவன் என்று கோபிகிருஷ்ணனின் பெயரைக் குடும்பப் பட்டியலிலிருந்து நீக்க வந்தார். சுனிதா அவரை வாஜித்தின் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். மின்சாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்த காலம்; கார் பேட்டரியில் தட்டு சுற்றியது. எழுத்தர் மூன்று பாட்டுகளைக் கேட்டார், தேநீர் குடித்தார், குறிப்புக் கட்டத்தில் ‘ஆள் இல்லை, குரல் உண்டு’ என்று எழுதிவிட்டுப் பெயரை அப்படியே விட்டுப்போனார். 1993இல் நகரத்துக்கு வெளியே மாவ்பியில் காய்கறித் தோட்டம் வைத்திருந்த பொன்னுத்துரை என்பவர் சுனிதாவைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். மனைவியை இழந்தவர், பேச்சு குறைவு. அவள் பதில் சொல்லவில்லை. அவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை. மாதம் ஒருமுறை புளிச்சக்கீரைக் கட்டோடு பஸ்ஸில் வந்து, அவள் பாட்டுக் கேட்டு முடிக்கும்வரை வெளியே படியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்.

2000 டிசம்பரில், டாலாவில் ஒரு கப்பல்காரரின் விதவை குடத்துக்கு இசைத்தட்டுகளை மூடியாகப் போட்டிருப்பதாக வாஜித் கேள்விப்பட்டான். ஆற்றைக் கடந்து, சைக்கிள் ரிக்‌ஷா பிடித்துப் போனான். பாப்பம்மாள் என்ற அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் ஏழு தண்ணீர்க் குடங்கள், ஏழு தட்டுகள். ஒட்டியிருந்த காகிதமெல்லாம் ஈரத்தில் அழிந்து, எது எந்தப் பாட்டு என்று தெரியவில்லை.

“இதை எடுத்துக்கிட்டா மூடிக்கு நான் என்ன பண்றது?” என்றாள் அவள்.

வாஜித் அடுத்த படகில் திரும்பிவந்து, ஏழு அலுமினிய மூடிகளோடு மறுபடி ஆற்றைக் கடந்தான். கழுவிக் காயவைத்துப் போட்டதில் ஐந்தாவது தட்டு அந்தப் பாட்டு என்று முதல் முனகலிலேயே தெரிந்தது. பேச்சு வருவதற்கு முன்பே ஊசியைத் தூக்கிவிட்டான். அதைக் கேட்கத் தனக்கு உரிமையில்லை என்று அவனுக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை சுனிதா வந்தாள். அன்று பொன்னுத்துரை வரும் நாளும்கூட. அவர் வழக்கம்போல் படியில் உட்கார்ந்துகொண்டார். வாஜித் அடுக்களைப் பக்கம் போகப் பார்த்தான். “இருங்க, அண்ணே. தனியா கேட்க முடியாது,” என்றாள் சுனிதா. பாட்டு தொடங்கியது. இரண்டாம் சரணம் முடிந்ததும் மற்றக் குரல்கள் தணிந்தன. அமெரிக்கன் பேச வேண்டிய இடத்தில், தொண்டையைச் செருமிக்கொண்டு, சற்றுத் தாமதமாக, கோபிகிருஷ்ணன் பேசினான்.

“சுனி, இங்க கூட்டம் அதிகமா இருக்கு. நான் வர்றதுக்கு ஆவாது போல. நீ சாப்பிட்டுடு. எனக்குச் சோறு எடுத்து வைக்காதே.”

பிறகு பாட்டு தொடர்ந்தது, அவன் டும் டும் என்றான், தட்டு முடிந்தது. சுனிதா அழுதாள், சத்தமில்லாமல். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தினமும் ஒரு தட்டில் சோறு எடுத்து மூடிவைத்து, காலையில் அதைக் காக்கைக்குப் போட்டு வந்ததை அன்றுதான் சொன்னாள். தஸ்லீமாவுக்குக்கூட அது தெரியாது.

“மறுபடி போடவா, தங்கச்சி?”

“வேணாம் அண்ணே. கேட்டாச்சு.”

மறுநாள் வாஜித் தனியாக அதைப் போட்டபோது, அந்த இருபது விநாடிகளில் யாரோ ஓர் அமெரிக்கன் தன் காதலியைத் திரும்பி வரச் சொல்லி ஆங்கிலத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தான். டும் டும் மட்டும் கோபிகிருஷ்ணனுடையதாக இருந்தது.

தை மாதத்தில் சுனிதா ஓடைக்கரையில் கணவனுக்குச் செய்யவேண்டியவற்றைச் செய்தாள். பின் அவளே வட்டார அலுவலகத்துக்குப் போய்ப் பெயரை நீக்கச் சொன்னாள். ஊ தான் மவுங் ஒழுங்கானவர். நேரில் சரிபார்க்க வந்தார். இரண்டு பாட்டுகளைக் கேட்டுவிட்டு, “அவர் இன்னும் பாடுகிறாரே?” என்று தயங்கினார்.

“பாடட்டும். வீட்டுக்கு வர்றவர்னு எழுதியிருக்கிறதை மட்டும் எடுத்துடுங்க,” என்று சுனிதா பர்மிய மொழியில் சொன்னாள். அவர் பெயரைக் கோடிட்டு அடித்தார். அந்த ஆண்டு மழைக்கு முன்பு அவள் பொன்னுத்துரையைக் கட்டிக்கொண்டு மாவ்பிக்குப் போனாள்.

2008 மே மாதப் புயல் வாஜித்தின் கூரையை எடுத்துக்கொண்டு போனது. அதற்குள் அறுநூறைத் தொட்டிருந்த தட்டுகளில் முப்பத்தொன்று மிஞ்சின. டாலாத் தட்டு உடைந்துவிட்டது. வாஜித் நான்கு நாட்கள் துண்டுகளைப் பொறுக்கினான், ஐந்தாம் நாள் கடையைத் திறந்தான். எஞ்சிய முப்பத்தொன்றிலும் கோபிகிருஷ்ணன் இருந்தான். அவனுக்கும் வயதாகிவந்தது. கீழே இறங்கும் இடங்களில் மூச்சு வாங்கியது. மற்ற நால்வரும் இன்னும் பதினெட்டு வயதுப் பையன்களாகவே பாடிக்கொண்டிருந்தார்கள். கிழவர் ஒருவர் அவர்கள் நடுவில் நிற்பதைப் பற்றி அவர்கள் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. சுனிதாவும் பொன்னுத்துரையும் எப்போதாவது வந்தால் ஒரு பாட்டுக் கேட்பார்கள். பொன்னுத்துரை இப்போது உள்ளே உட்கார்ந்தார்.

2010 ஜூலையில் விடாத மழை. கோபிகிருஷ்ணனுக்கு இருமல் கண்டது. ஒவ்வொரு பாட்டிலும் இரண்டு மூன்று இடங்களில் இருமினான். தஸ்லீமா தட்டுகளைச் சன்னலோரத்திலிருந்து எடுத்து, கரி அடுப்புக்குச் சற்றுத் தள்ளி, சூடு மிதமாகப் படும் அலமாரியில் வைத்தாள். பத்து நாளில் சரியாகிவிட்டது.