தூக்கம்தான்

கல்லறைத் தோட்டத்தில் போதகரைப் போல் ஒரு தைரியசாலி கிடையாது. குழியருகே நின்று, "இது சாவில்லை, தூக்கம்தான். ஒருநாள் ஆண்டவர் கூப்பிடுவார், எழுந்திருப்பாங்க" என்று அவர் சொன்னால், அழுகிறவர்கள்கூட மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்வார்கள். குழி அடுத்தவருடையதாக இருக்கும்வரை அவர் விசுவாசத்துக்கு ஒரு குறையும் வந்ததில்லை.

இன்று இதய ஆபரேஷனுக்காக ஸ்ட்ரெச்சரில் அவரே மல்லாந்து கிடந்தார். நர்ஸ் அவருடைய பல்செட்டை வாங்கி மனைவியிடம் கொடுத்தாள்.

"பயப்படாதீங்க பாஸ்டர். சும்மா தூங்கப் போறீங்க, அவ்வளவுதான்."

தூக்கம் என்பது இவ்வளவு கெட்ட வார்த்தை என்று இத்தனை வருஷமாக அவரிடம் யாரும் சொல்லவில்லை.

"ஊருக்கெல்லாம் சொல்வீங்களே" என்றாள் மனைவி. "இப்ப உங்களுக்கு யார் சொல்றது?" குரல் கிண்டலாகத்தான் இருந்தது. பல்செட்டைத்தான் கைக்குட்டையில் மூன்றாவது தடவையாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் தியேட்டர் கதவு அவளை வெளியே நிறுத்திவிட்டது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிய ஊழியர் குனிந்தார்.

"என்னைத் தெரியுதா ஐயா? போன மழைக்காலத்துல எங்கம்மாவ நீங்கதான் அடக்கம் பண்ணீங்க. தூக்கம்தான்னு சொன்னீங்களே, அந்த ஒத்த வார்த்தையப் பிடிச்சுக்கிட்டுதான் நடமாடுறேன்."

போச்சுடா. இவர் முன்னால் நடுங்கினால் அந்த அம்மாவை இன்னொரு தடவை சாகடித்ததாகும். போதகர் சிரிக்கப் பார்த்தார். பல்லில்லாமல் அது வேறு எதுவாகவோ வந்தது. போர்வைக்குள் கால்கள் தந்தியடித்தன. இயேசுவின் கல்லறை வாசலை அடைத்திருந்த அந்தக் கல் புரளவே இல்லையென்றால்? ஆண்டவர் உள்ளேயே கிடந்திருந்தால்? அப்புறம் தான் பேசியதெல்லாம், இவருக்குக் கொடுத்த ஒத்த வார்த்தை உட்பட, வெறும் வாய்ப்பந்தல்.

"பயமா இருக்கா ஐயா?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. பிடித்துக்கொள்ளப் பல் இல்லாமல் அது உள்ளேயே வழுக்கிவிட்டது போலும், உண்மைதான் வெளியே வந்தது. "உசுரே போகுது தம்பி."

ஸ்ட்ரெச்சர் நின்றது. "அப்ப எங்கம்மா?"

"பயமே வராதுன்னு நான் சொல்லலப்பா. ஆண்டவர் எழுந்தார்னுதான் சொன்னேன். அது பொய்னா நானும் போச்சு, உங்கம்மாவும் போச்சு. நெஜம்னா, நான் எப்படி நடுங்கினாலும் அது நெஜம்தான்."

சொன்ன பிறகுதான் அவரே அதைக் கேட்டார். நடுக்கம் என்னவோ நிற்கவில்லை. ஊழியர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி தள்ளினார்.

மயக்க மருந்து டாக்டர் முகமூடியுடன் வந்தார்.

"டாக்டர், எழுப்பிடுவீங்கல்ல?"

"எழுப்புறதும் என் வேலைதான். பேர் சொல்லிக் கூப்பிடுவேன், கண்ணைத் திறங்க."

போதகருக்குப் புதிதாக ஒரு பயம் பிடித்தது. பாஸ்டர், பாஸ்டர் என்று கேட்டே அவருக்குத் தன் பெயர் யாரோ ஒருவருடையது போலாகிவிட்டது.

"பேருக்கெல்லாம் நான் எழுந்திரிக்க மாட்டேன் டாக்டர். வெளிய என் சம்சாரம் நிக்கிறா. 'ஏங்க'ன்னு அவளை ஒரு தடவை சொல்லச் சொல்லுங்க. எந்தக் குழியில கிடந்தாலும் வந்துடுவேன்."

மயக்க மருந்து முகமூடி போதகரின் மூக்கின்மேல் இறங்கியது. ஊழியர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு காதருகே வந்தார்.

"தூக்கம்தான் ஐயா."

போதகர் அந்தக் கையை இறுக்கிக்கொண்டார். கண் சொருகியது. காது மட்டும் கதவுப் பக்கமே நின்றது.