சாந்த குணம் கொண்டவள்

திண்டிவனத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் சவுரிராயன் அண்ணன் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அங்கே பதினோரு வருஷமாக நான் மனு டைப் அடிக்கிறேன். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன், அப்புறம் புருஷன் அடிக்கிறான் என்கிற மனு. கடைசியில் சொன்னதற்கு மட்டும் கம்ப்யூட்டரில் ஒரு மாதிரி மனு தயாராக இருக்கும். பேர், ஊர், கல்யாணத் தேதி இவற்றை மாற்றினால் போதும். மற்றதெல்லாம் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

அந்த மாதிரியில் மூன்றாவது பத்தி இப்படித் தொடங்கும்: 'மனுதாரராகிய நான் இயல்பிலேயே சாந்த குணம் கொண்டவள். கணவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் அடங்கி நடந்து வந்தேன்.' இந்த வரியை முதலில் எழுதிய புண்ணியவான் யாரென்று தெரியாது. நான் வேலைக்குச் சேரும்போதே இருந்தது. இதை எடுத்துவிட்டு மனு கொடுத்தால், 'நீ என்ன பண்ண, அவன் ஏன் அடிச்சான்?' என்பதுதான் முதல் கேள்வியாக வரும். இந்த ஊரில் அடி வாங்கியதைச் சொல்வதற்கும் நல்ல குணச் சான்றிதழ் வேண்டும்.

பெருமுக்கல் பக்கத்திலிருந்து பூமாலை என்று ஒருத்தி வந்தாள். கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. சொல்லி முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, நானும் ஒரு வாட்டி கரண்டியால அது மண்டையில போட்டுட்டேன். அதயும் எழுதணுமா?"

"நல்லா போட்டியா?"

பாவம், சிரித்துவிட்டாள். "எழுத வேணாம்" என்றேன். "ஸ்டேஷன்ல கேட்டாலும் சொல்லாத. அழு, பரவால்ல. கோவம் மட்டும் பட்டுடாத. கோவப்பட்டா உன் கேஸு போச்சு."

இப்படி நான் புத்தி சொல்லி அனுப்பியவர்கள் எத்தனையோ பேர். எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பேர் பாஞ்சாலி. எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்கு மறுநாள் பிறந்ததால் வைத்த பேர். எனக்குக் கோபம் வரும். பஸ்ஸில் இடித்தவனைச் செருப்பால் அடித்தபோது எனக்குப் பதினாறு வயது. கல்யாணத்துக்கு முன்பே என் மாமியார் வீட்டுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. என் புருஷன் மணிமாறனோ குடிக்க மாட்டான், பீடி சிகரெட் கிடையாது, குரலே உயராது. விழுப்புரத்தில் ஒரு டிராக்டர் ஷோரூமில் வேலை, தினமும் ரயிலில் போய் வருவான். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும், "அவரு தங்கமான மனுஷன், இவதான் பத்திரகாளி" என்பார்கள்.

அந்தத் தங்கம் அடிப்பதற்கு முன்னால் சமையலறைக்குப் போய் மிக்ஸியைப் போடுவான். ஜாரில் ஒன்றும் இருக்காது. காலி ஜார் அலறும் சத்தத்தில் என் சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போகாது. அடித்து முடித்ததும் மிக்ஸியை நிறுத்தி, ஜாரைக் கழுவிக் கவிழ்த்து வைப்பான். அவ்வளவு சுத்தக்காரன்.

என் மகள் அன்புச்செல்விக்கு ஒன்பது வயது. மிக்ஸி ஓடினால் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு தெருக் குழாயடிக்குப் போய்விடுவாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. காலையில் நான் நிஜமாகவே சட்னி அரைத்தாலும் போய்விடுவாள். "சட்னிதான்டி, வா" என்று நான் வாசலில் நின்று கூப்பிட வேண்டும்.

ஆனால் இன்னொன்றை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அதை நினைத்தால் என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருக்கிறது. கடைக்கு வரும் பெண்களில் நானும் ஒருத்தி என்று சவுரிராயன் அண்ணனுக்குத் தெரிவதை என்னால் தாங்க முடியாது. மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவள் நான். அந்தத் திமிர்தான். அதற்காகப் பிள்ளையை உட்கார வைத்து வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கச் சொன்னேன்.

"தெருவுல கேட்டா?"

"அம்மா வழுக்கி விழுந்தாங்க."

"டீச்சர் கேட்டா?"

"அம்மா வழுக்கி விழுந்தாங்க."

அதோடும் விடவில்லை. போலீஸ்காரி மாதிரிக் குரலை மாற்றிக்கொண்டு, "ஏய் பொண்ணு, நெசத்தச் சொல்லுடி! உங்கப்பாதான அடிச்சாரு?" என்று மிரட்டுவேன். முதலில் இரண்டு மூன்று தடவை ஏமாந்து தலையாட்டினாள். அப்புறம் பழகிக்கொண்டாள். "இல்ல, வழுக்கிதான் விழுந்தாங்க. நான் ஏமாற மாட்டேனே" என்று சிரிப்பாள். சரியாகச் சொன்னால் ஒரு மல்லாட்டை உருண்டை, வேர்க்கடலை உருண்டைதான், கொடுப்பேன். எங்களுக்கு அது விளையாட்டாகவே ஆகிப்போனது.

போன வருஷம் எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. தூக்கம் போனது. 'மனுதாரர்' என்ற வார்த்தையை நாலு தடவை தப்பாக அடித்தேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அது பொங்கி வழிவதை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மணிமாறனே சொன்னான், "விழுப்புரத்துல நல்ல டாக்டர் ஒருத்தர் கீறாராம். வா, காட்டிக்கினு வந்துடலாம்." எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ரயிலில் ஜன்னலோரம் உட்கார வைத்தான், பூ வாங்கிக் கொடுத்தான். புத்தி கெட்டவள் நான், தலையில் வைத்துக்கொண்டேன்.

அது தனியார் மனநல கிளினிக். உள்ளே போவதற்கு முன் ஒரு பாரத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். கேள்விக்குப் பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். 'உங்களுக்கு எளிதில் கோபம் வருமா?' வரும். ஆம். 'பொருள்களை எடுத்து எறிந்ததுண்டா?' ஒரு தடவை தோசைக் கரண்டியை எறிந்தேன், அவன் காதோரம் பட்டது. ஆம். 'யாரோ உங்களைக் கண்காணிப்பதாகத் தோன்றுகிறதா?' கடைக்கு ஒரு நாளைக்கு ஆறு தடவை போன் செய்து யார் வந்தார்கள் என்று கேட்கிறான், என் போனைத் திறந்து பார்க்கிறான். ஆம். 'நெருங்கியவர்களே உங்களுக்குத் தீங்கு செய்வார்கள் என்று நினைக்கிறீர்களா?' இதைப் படித்ததும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒருவர் இதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. பேனாவை அழுத்திப் பெரிதாக டிக் அடித்தேன்.

காரணம் எழுத அதில் இடமே இல்லை. ஆயிரம் பாரம் நிரப்பியவள் நான், அதைக் கவனித்திருக்க வேண்டும். கேள்வி கேட்டவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும் என்று நம்பிவிட்டேன்.

பின்பக்கத்தில் 'உடன் வந்தவர் கூறுவது' என்று ஒரு பகுதி. அதை மணிமாறன் முத்து முத்தான எழுத்தில் நிரப்பினான். டாக்டர் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் உட்கார வைத்தார். என்னைப் பார்த்துக் கேட்டதற்கெல்லாம் அவன் பதில் சொன்னான். பத்து நிமிஷம்தான். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பொய் சொல்லக் கூடாது, அந்த மாத்திரையில் எனக்குத் தூக்கம் வந்தது, நடுக்கமும் குறைந்தது. அடி மட்டும் குறையவில்லை. நான் நிரப்பிய பாரமும் மருந்துச் சீட்டும் இருந்த ஃபைலை அவன் பீரோவில் நிலப் பத்திரத்தோடு வைத்துப் பூட்டினான்.

"அது எதுக்குங்க அங்க?"

"இருக்கட்டும், பத்திரமா இருக்கணும்" என்றான்.

இந்த ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி ஓடியது. அன்பு பையைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்றைக்கு என் வலது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டுப் போட்டு வந்து படுத்திருந்தபோது அன்பு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கட்டைத் தொட்டுப் பார்த்தாள். அழவில்லை. பள்ளிக்கூட விஷயம் கேட்பது போலக் கேட்டாள்.

"அம்மா, இந்த வாட்டி படியிலயா, பாத்ரூம்லயா?"

எலும்பு உடைந்தது அதற்கு முன் ஒன்றுமே இல்லை. இந்தப் பிள்ளையை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

மறுநாள் கடைக்குப் போய் இடது கையால் என் மனுவை அடித்தேன். நான் வீட்டை விட்டுப் போகிறேன், மகளை என்னோடு அனுப்ப வேண்டும் என்பதுதான் கோரிக்கை. மூன்றாவது பத்தி வந்ததும் சாந்த குணத்தை அப்படியே விட்டேன். சவுரிராயன் அண்ணன் பிரிண்டை எடுத்துப் பார்த்தார்.

"இன்னாம்மா, மனுதாரர் பேருல உன் பேரு வந்துக்கினு கீது பாரு. மாத்து."

"சரியாத்தாண்ணே இருக்கு" என்றேன்.

அவர் என் கட்டைப் பார்த்தார். அப்புறம் காகிதத்தைப் பார்த்தார். ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தார். அந்த வெட்கம் இத்தனை லேசானதா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இதற்காகவா பிள்ளைக்குப் பொய் கற்றுக் கொடுத்தேன்?

மனுவை எந்த ஸ்டேஷனில் கொடுத்தேன் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் அதற்கொரு கேஸ் வரும். விசாரணைக்கு மணிமாறன் தேய்த்த வெள்ளைச் சட்டையில் வந்தான். ஒரு கையில் அந்த ஃபைல், இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு யூனிபார்மில் அன்பு. மேஜைக்குப் பின்னால் இருந்த எஸ்.ஐ. அம்மா ஃபைலைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இந்த டிக் எல்லாம் நீ அடிச்சதுதானா?"

"ஆமாங்க மேடம், ஆனா..."

"யாரோ உன்ன வேவு பாக்கறாங்க, கூட இருக்கறவங்களே உன்ன எதனா பண்ணிடுவாங்க. நீயே டிக் அடிச்சிருக்க. கரண்டியத் தூக்கி அடிச்சிருக்க. மனுவுல சாந்த குணம்னு போட்டுக்கினு கீற?"

"கோவிச்சுக்காதீங்க மேடம்" என்றான் மணிமாறன், அதே மெதுவான குரலில். "ரெண்டு நாளா மாத்திரை போடல போல. நான் பாத்துக்கறேன்."

அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் சொன்ன புத்தி எனக்கு எங்கே போனதோ தெரியவில்லை. மாவுக்கட்டுக் கையால் மேஜையைக் குத்தினேன். "டேய், மிக்ஸியப் போட்டுக்கினு அடிக்கிறவன்தானடா நீ!" என்று கத்தினேன். வாசலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எஸ்.ஐ. அம்மா ஃபைலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. கை வலியில் மூச்சு முட்டியது. கடைசியாக நானே சொன்னேன்.

"என் பொண்ணக் கேளுங்க மேடம். அவ சொல்லட்டும்."

அவர் அன்பைப் பக்கத்தில் கூப்பிட்டு, தலையைத் தடவினார். நல்ல மாதிரியாகத்தான் கேட்டார்.

"அம்மா கை எப்படிடா ஒடைஞ்சுது?"

அன்பு அவள் அப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். நிமிர்ந்து நின்றாள்.

"அம்மா வழுக்கி விழுந்தாங்க."

"அப்பா அடிப்பாரா?"

"இல்ல. பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாங்க."

"அன்பு!" என்று அலறினேன். "நெசத்தச் சொல்லுடி! அப்பாதான அடிச்சாரு?"

அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. நான் அவளைச் சோதிக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். "இல்ல, வழுக்கிதான் விழுந்தாங்க" என்றாள், ஒரு எழுத்துக்கூடத் தடுமாறாமல்.

தாய் தொடர்ந்து சிகிச்சை எடுக்க வேண்டும், கோர்ட்டில் வேறு முடிவு வரும்வரை குழந்தை தகப்பனிடம் இருக்கட்டும் என்று எழுதி இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். நான் இடது கையால் போட்டேன். வாசலில் அன்பு அவன் கையை உதறிவிட்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"கரெக்டா சொன்னேனாம்மா?"

"கரெக்டா சொன்னடி" என்றேன். அவள் என் பையைத் திறந்து உருண்டை இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை.

இப்போது நான் மயிலத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். கடைக்குப் போகிறேன். கோர்ட்டில் மனு போட்டிருக்கிறேன், வாய்தா போய்க்கொண்டிருக்கிறது. ஞாயிறு காலை பத்து மணிக்கு மணிமாறன் போனை அன்பிடம் கொடுப்பான். பக்கத்திலேயே இருப்பான், மூச்சு விடுவது கேட்கும்.

போன ஞாயிறு அவள் பேச்சு ஒரு மாதிரிக் குழறியது, உதடு வீங்கினால் பேசுவது போல.

"இன்னாடி ஆச்சு வாய்ல?"

"ஒண்ணுமில்லம்மா. வழுக்கி விழுந்துட்டேன்."

"எங்கடி?"

"பாத்ரூம்ல."

"அன்பு, அம்மா உன் காலுல வேணா விழறேன்டி. நெசத்தச் சொல்லு. அப்பா அடிச்சாரா?"

அவன் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"போம்மா, நான் ஏமாற மாட்டேன்."