தரைக்கு நான்கு அங்குலம் மேலே அடைக்கப்பன்

மலேசியாவின் கௌரவப் பட்டமான டத்தோவை வாங்கிய மறுநாள் காலை அடைக்கப்பனின் பாதங்கள் தரைக்கு நான்கு அங்குலம் மேலே நின்றன. லிட்டில் இந்தியாவில் அவருடைய துணிக்கடைக்கு எதிரே காசு மாற்றுகிறவர் மட்டும், "உயரம் கூடிருக்கு, முதலாளி" என்றார். மற்றவர்கள் அதைப் பட்டத்தோடு வரும் சலுகை என்றே எடுத்துக்கொண்டார்கள். மிதக்கிறவருக்குச் செருப்புத் தேயாது, கல் குத்தாது. மூன்று ஆண்டுகள் அவர் விழா விழாவாக மிதந்து போய், நீண்ட ஆயுளின் இரகசியம் பற்றி மைக் பிடித்துப் பேசினார்.

அந்த மூன்று ஆண்டில் அவருக்கு இருபது வயது கூடிவிட்டது. கெண்டைக்கால் வற்றி முருங்கைக்காய் ஆனது. பேரப்பிள்ளைகளின் பெயர் மறந்தது. பாதம் தரையை மிதித்தால்தான் கெண்டைக்கால் இரத்தத்தை மேலே தள்ளும், இவருக்கு இதயம் தனியாக மாரடிக்கிறது, இப்படியே போனால் அடுத்த தீபாவளி கிடையாது என்றார் மருத்துவர். மனைவி சிவகாமி ஆச்சிக்கு ஐம்பத்தெட்டு வயது. பட்டத்தைக் கட்டிக்கொண்டு அழ அவருக்கு விருப்பமில்லை. அன்றைக்கே, பலூன் நூலைப் பிடிப்பதுபோல் வேட்டி முனையைப் பிடித்து, அவரை டத்தோ கிராமாட் என்ற பேட்டைக்கு இழுத்துப் போனார்.

அங்கே லிஃப்ட் ஓடாத அடுக்குமாடியின் நான்காம் மாடியில் குமுதா இருந்தார். ஓய்வுபெற்ற தாதி, எழுபத்தாறு வயது, நாளைக்கு மூன்று தடவை ஏறி இறங்குகிறவர். வயதானவர்களின் பாதங்களைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைத்து, நகத்தை நேராக வெட்டிவிடுவது அவர் தொழில். அவர் கைபட்ட கால்கள் அவசரப்பட்டுக் காடு போய்ச் சேர்ந்ததில்லை. தொண்ணூறு கடந்த பதினோரு பேர் காலையில் காய்கறி வாங்கப் பாசாருக்கு நடந்து போவதை யாரும் எண்ணிக்கொள்ளலாம்.

"காலைக் காட்டுங்க தம்பி."

"டத்தோ" என்று திருத்திய அடைக்கப்பன் இன்னும் ஓர் அங்குலம் உயர்ந்தார்.

"பட்டம் தலைக்குத்தானே, காலுக்கு இல்லையே. உள்ளங்காலைக் கடைசியா எப்பப் பாத்தீங்க? குனிஞ்சு பாருங்கலா."

"அதுக்கெல்லாம் ஆள் வெச்சிக்கலாம்."

"அப்ப சாகறதுக்கும் ஒரு ஆள் வெச்சிக்குங்க" என்றார் ஆச்சி.

அடைக்கப்பன் குனிந்தார். தலை தாழ்ந்ததும் கால் ஒரு மயிரிழை தாழ்ந்தது. குமுதா வேறு மருந்து சொல்லவில்லை. தினமும் தன் கையாலேயே கழுவ வேண்டும், துடைக்க வேண்டும், உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நாளுக்கு ஒரு மயிரிழையாக ஒன்பது மாதம் இறங்கி, தீபாவளிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை இரண்டு குதிகாலும் குமுதா வீட்டுச் சிமெண்டில் பதிந்தன. "ஜில்லுனு இருக்கு" என்று அழுதார். நான்கு மாடியையும் நாற்பது நிமிடத்தில் நடந்தே இறங்கினார்.

பன்னிரண்டு ஆண்டு ஓடிவிட்டது, இப்போது அவருக்கு எழுபத்தைந்து. கூடிய இருபது வயதில் பதினெட்டை நடந்தே திருப்பிவிட்டார். குமுதாவுக்கு எண்பத்தெட்டு. அவருக்குப் பாராட்டு விழா எடுக்க ஊர்ச் சங்கத்தார் மாலையோடு போனார்கள். மேலே வந்து பேசுங்கள் என்று குமுதா நான்காம் மாடியிலிருந்தே சொன்னார். இரண்டாம் மாடியில் மூச்சு வாங்கித் திரும்பிவிட்டார்கள்.

மேடையில் யாராவது "மாண்புமிகு டத்தோ" என்று நீட்டி முழக்கினால் அடைக்கப்பன் இன்றும் அரை அங்குலம் கிளம்புகிறார். பக்கத்து நாற்காலிக்காரியோடு பேசிக்கொண்டே ஆச்சி, நிரம்பிய பெட்டியின் மூடியை அமுக்குவதுபோல் அவர் தோளை அமுக்கிவிடுகிறார்.